பத்து என்று எழுதிய தாள்

முனவர் அக்காவின் வயிற்றில் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை அசைகிறது என்று எழுதி வைக்கும் வேலை என்னுடையது. இருபத்து மூன்று நாள் எழுதினேன். அதில் பத்தொன்பது நாள் எழுதியது பொய்.

இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தால், நடுவில் எங்கேயோ எனக்கே நான் நல்லவளாகத் தெரிய ஆரம்பித்துவிடுவேன்.

அம்மா மவுத்தான பிறகு எனக்கு அக்கா மட்டும்தான். பல்லடம் ரோட்டை ஒட்டி, சாரதாமணி அக்காவின் லைன் வீடுகளில் மூன்றாவது வீட்டில் அக்காவும் கியாசுதீன் மச்சானும் குடியிருந்தார்கள். மச்சான் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பிறகு ஒன்றரை வருடம் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். அக்காவுக்கு ஏழு மாதம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே தங்கினேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று ஒன்று வேண்டும் அல்லவா? அக்காவுக்கு அந்தத் தாய்வீடு நான்தான்.

அக்காவுக்குப் பிரசவம் என்றாலே பயம். அந்தப் பயம் அவள் ஓவர்லாக் தையல் அடித்த கம்பெனியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏறியது. பக்கத்து மெஷின் பாண்டியம்மாளுக்கு மதுரைப் பக்கம். "எனக்கு ரெண்டு நாளு வலி பாத்துக்க. நான் கத்துன கத்துல வெளிய நின்ன எம்புருசன் பயந்துபோயி மதுரைக்கே பஸ் ஏறிட்டாருல்ல" என்பாராம். "நீ கத்துனதோட விட்டே. நான் நர்சம்மா கையைக் கடிச்சே வெச்சுட்டனுங்க" என்று எதிரே இருப்பவர் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்களாம். அக்கா பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாளாம்.

ஐந்தாம் மாதத்தில் யாரோ போனில் ஒரு வகுப்பைக் காட்டினார்கள். முஸ்லிம் தாய்மார்களுக்கான வகுப்பு. அமைதியாகப் பிள்ளை பெறுவது எப்படி என்று மார்க்கம் படித்த ஓர் ஆலிமா வாரம் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். அதில் சேர்ந்த பிறகுதான் அக்கா முழுதாகத் தூங்கினாள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை 'யா அல்லாஹ்' என்று மெதுவாக விடுவாள். அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆனில் மர்யம் சூரா ஓதுவாள். மர்யம் அலைஹிஸ்ஸலாம் தனியாக, பேரீச்ச மரத்தடியில் பிள்ளை பெற்ற இடம் வரும்போது அக்காவின் குரல் இறங்கும். முப்பத்தாறாம் வாரத்திலிருந்து தினம் ஏழு பேரீச்சம்பழம். பிரசவ அறையில் வைக்க மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு சின்ன விளக்கு. பிள்ளை பிறந்ததும் அதன் காதில் முதலில் விழ வேண்டியது பாங்குச் சத்தம். அதற்கு முன்னால் யாரும் அறையில் சத்தம் போடக்கூடாது. எல்லாவற்றையும் எழுதி, ஒரு பையில் அடுக்கி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள்.

வீட்டில் 'வலி' என்ற சொல் கூடாது. 'அலை' என்று சொல்ல வேண்டும். ஒருநாள் மச்சான் கையில் அயர்ன் பாக்ஸ் சூடு வாங்கி வந்து உட்கார்ந்தார். அக்கா மருந்து தடவும்போது, "முனவரு, வலின்னு சொல்லக்கூடாது. ஆனா அலை பலமா அடிக்குது" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் மருந்து தரையில் கொட்டியது.

அந்த ஆலிமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. "ஒட்டகத்தைக் கட்டிட்டு அப்புறம் அல்லாஹ் மேல பாரத்தைப் போடுங்க. பிள்ளையோட அசைவை எண்ணுறதுதான் நீங்க கட்ட வேண்டிய கயிறு" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அசைவு எழுதுவதற்குத் தாள் கொடுத்தது இந்துமதி நர்சம்மா. எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் இருப்பவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். வராவிட்டால் உடனே கிளம்பி வர வேண்டும். இவ்வளவுதான்.

அக்கா லுஹர் தொழுதுவிட்டு, காதில் குர்ஆன் ஓதலை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிப் படுப்பாள். பிள்ளை அசைந்தால் ஒரு விரலைத் தூக்குவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வாங்கி வந்த பனியன்களில் பிசிர் வெட்டிக்கொண்டே, விரல் எழும்போதெல்லாம் ஒரு கோடு போடுவேன். முதல் நாலு நாள் சரியாகப் போட்டேன். சத்தியமாகப் போட்டேன்.

ஐந்தாம் நாள் நாலு கோட்டோடு அக்கா தூங்கிவிட்டாள். முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அம்மா போன பிறகு அப்படி அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்ப மனம் வரவில்லை. நேற்றும் பத்து, முந்தாநாளும் பத்து, இன்றைக்கும் பத்துதானே இருக்கும் என்று, 'பத்து, இரண்டு நாற்பது' என்று எழுதினேன்.

இது எனக்குப் புதிது இல்லை. செக்கிங்கில் அளவு சார்ட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பனியனையும் விரித்து, நெஞ்சகலம், நீளம், கை எல்லாம் டேப் வைத்து அளந்து எழுத வேண்டும் என்பது சட்டம். நாங்கள் டஜனுக்கு ஒரு பீஸை அளப்போம். மற்ற பதினொன்றுக்கும் அதே அளவை எழுதுவோம். ஒரே கட்டிங், ஒரே லைன். எங்கே மாறப் போகிறது? முதல் வாரம் நான் பன்னிரண்டையும் அளந்துகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் கதிர்வேல் அண்ணன் வந்து நின்று, "கண்ணு, சரக்கு வாங்கற பையர் ஆளு பீஸைப் பாக்கறதில்ல, சார்ட்டைத்தான் பாப்பான். காலிக் கட்டம் இருந்தாத்தான் நமக்குத் தப்பு" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டது. என் கை காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பிவிடும்.

ஆறாம் நாளும் அக்கா தூங்கினாள். நிரப்பினேன். அதற்குப் பிறகு நான் விரலைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். வெட்ட வேண்டிய கட்டு நிறைய இருந்தது. இரண்டு நாற்பது ஆனதும் தாளை எடுப்பேன்; பத்து என்று எழுதுவேன். தினமும் எழுந்ததும் அக்கா தாளை வாங்கிப் பார்ப்பாள். "பத்தா? அல்ஹம்துலில்லாஹ்" என்பாள்.

அந்தக் கடைசி வாரம் திங்களும் செவ்வாயும் புதனும் அவள் தாளைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துப் பார்த்தாள். அது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வியாழக்கிழமை காலை சுகாதார நிலையத்துக்குப் போனோம். பெஞ்சு நிறைய வயிற்றுப்பிள்ளைக்காரிகள். இந்துமதி நர்சம்மா எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இங்க பாருங்கொ எல்லாரும். ஒருநாள் தப்பாம எழுதியிருக்குது இந்தப் பொண்ணு. நீங்களும் இருக்கீங்களே, தாளை முருங்கைக்காய் கட்டறதுக்கு எடுத்துக்கிட்டேங்கறீங்க" என்று தாளைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வயிற்றில் கருவியை வைத்தார். பிள்ளையின் இதயம் தடதடவென்று ஓடியது. "அருமையா இருக்குது. அசைவெல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரியுதுங்களா?" என்றார்.

அக்கா தாளைப் பார்த்தாள். "அதுல எழுதியிருக்குதுங்களே" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். நாலு பேர் முன்னால் என்னால் பேச முடியாது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே நாற்பது பேர். நர்சம்மா கையெழுத்துப் போட்டு, அடுத்த வியாழன் வரச் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு தின்றோம். அக்கா தொழுதுவிட்டுப் படுத்தாள். அன்றைக்கு நான் பனியன் கட்டைத் தொடவில்லை. அந்தப் பெஞ்சில் இருந்த நாற்பது பேரும் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது போல் இருந்தது. இன்றைக்காவது ஒழுங்காக எண்ணிவிடலாம் என்று அக்காவின் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி ஒன்று ஐம்பது.

இரண்டு பத்து. விரல் எழவில்லை. இரண்டரை. அக்கா தூங்கவில்லை, உதடு அசைந்துகொண்டிருந்தது. இரண்டு நாற்பது. தினமும் நான் 'பத்து' எழுதும் நேரம். தாளில் ஒரு கோடுகூட இல்லை.

வயிற்றின்மேல் கையை வைத்தேன். அக்கா கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். கைக்கு அடியில் ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் கை வைத்த மாதிரி இருந்தது. மூன்றாயிற்று. மூன்றே முக்காலாயிற்று. என் கை குளிர்ந்துபோயிருந்தது. அந்தக் குளிருக்காவது உள்ளே இருப்பது திடுக்கிட்டு உதைக்கக்கூடாதா என்று இருந்தது.

"அக்கா, எந்திரி. சீனித்தண்ணி குடி."

குடித்தாள். இன்னும் பத்து நிமிடம் பார்த்தோம்.

"அசையலக்கா."

"தூங்கும், அப்ரோஸு. நேத்து பத்து இருந்துச்சுல்ல?"

"இன்னிக்கு ஒண்ணுகூட இல்லக்கா. ரெண்டு மணி நேரம் ஆச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்று வந்து போயிற்று. பிறகு கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, நாலு எண்ணி மூச்சை இழுத்தாள். 'யா அல்லாஹ்' என்று மெதுவாக, எட்டு எண்ணி விட ஆரம்பித்தாள்.

நான் கத்தினேன். என் பத்தொன்பது வயதில் முதல்முறை. "மூச்சு விட்டது போதும், எந்திரிக்கா! எந்திரி!"

கதவைத் தள்ளிக்கொண்டு சாரதாமணி அக்கா உள்ளே வந்தார். கையில் மாவு. "ஆருங்க கத்துனது? அப்ரோஸா? அந்தப் புள்ளைக்குத் தொண்டை இருக்குதா?" என்று சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"புள்ள அசையலீங்கக்கா."

அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசலில் அவர் வீட்டுக்காரர் திருமூர்த்தி அண்ணன், சாயப்பட்டறைக்குப் போக வேண்டிய துணி ரோல்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, வண்டியை எடுங்க. பெரியாஸ்பத்திரி."

"துணியை எறக்கிப்போட்டு..."

"துணி கெடந்துட்டுப் போவுது! எடுங்கன்னா!"

அக்காவை முன்சீட்டில் உட்கார வைத்தோம். நானும் சாரதாமணி அக்காவும் பின்னால் ரோல்களின்மேல் உட்கார்ந்தோம். அவர் கியாசுதீன் மச்சானுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தார். மாவு என் சுடிதாரெல்லாம் ஒட்டியிருந்தது. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஒவ்வொரு குழியிலும் வண்டி தூக்கிப் போட்டது. தூக்கிப் போடும்போதெல்லாம், இப்போது அசைந்திருக்கும், இப்போது அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி மெஷினோடு சேர்த்தார்கள். மெஷினிலிருந்து தாள் சுருள் சுருளாக வந்தது. இதயத்தின் சத்தம் கேட்டது. இருக்கிறது என்று நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா உட்காரவில்லை. சுருளைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அசைவு எப்பயிருந்தும்மா கொறஞ்சது?"

இன்றைக்குத்தான் என்று அக்கா சொல்லப் போகிறாள் என்று நின்றேன்.

"திங்கக்கெழமையிலிருந்துங்க" என்றாள் அக்கா.

நான் எழுந்துவிட்டேன். சாரதாமணி அக்கா, "என்ன கண்ணு சொல்றே?" என்றார். டாக்டரம்மா சுருளிலிருந்து கண்ணை எடுத்தார். "இன்னிக்கு வியாழன்மா. நாலு நாளா என்ன பண்ணிட்டு இருந்தே?"

"கொறஞ்ச மாதிரித்தான் இருந்துச்சுங்க. ஆனா தாள்ல பத்துன்னு இருந்துச்சு. நான்தான் பாதித் தூக்கத்துல வெரலைத் தூக்கியிருப்பேன், எனக்கு நெனவில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். எழுதுனது பொய்யாப் போகாதுல்லங்க. நானா எதையாச்சும் நெனச்சுப் பயந்துக்கக் கூடாதுன்னு இருந்துட்டேனுங்க."

சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. வகுப்பில் சொன்ன மாதிரியே, மெதுவாக, மூச்சு விட்டு விட்டுப் பேசினாள். தன் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைவிட என் எழுத்தை நம்பியிருக்கிறாள். அவள் உடம்பு அவளுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான் தாளைக் காட்டி, அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா எங்கள் சீட்டுகள் இருந்த துணிப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். மேலிருந்து கீழே ஒருமுறைதான் பார்த்தார்.

"இதை ஆரு எழுதுனது?"

"என் தங்கச்சிங்க."

என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளும் ரெண்டு நாப்பதுக்கேவா பத்து முடிஞ்சது?"

அப்போது மெஷின் சத்தம் தடுமாறியது. ஓடிக்கொண்டிருந்தது நடந்தது, நடந்தது நின்று நின்று வந்தது. டாக்டரம்மா தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு ஏதோ சொன்னார். நாலு பேர் ஓடி வந்தார்கள். அக்காவைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். நான் பதில் சொல்ல வேண்டிய நேரம் எனக்கு வரவே இல்லை. அதற்காக ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தியேட்டர் கதவருகில் அக்கா நர்சிடம், "காதுல ஓதல் மாட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"நேரமில்லம்மா. வாயால ஓது. அது யாரு தடுக்கப் போறா?" என்றார் நர்ஸ்.

அக்கா ஓதிக்கொண்டே உள்ளே போனாள். கதவு திறந்து மூடும் இடைவெளியில் உள்ளே எரியும் விளக்கு தெரிந்தது. கண்ணைக் குத்தும் வெள்ளை வெளிச்சம். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை நாங்கள் எடுத்து வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மருத்துவச் சீட்டுகள் இருந்த துணிப்பை மட்டும்தான் கையில் இருந்தது.

மச்சான் ஓடி வந்தார். சட்டை ஈரமாக நீராவி வாசத்தோடு இருந்தது. "முனவரு எங்க? என்னாச்சு?" என்று என்னைக் கேட்டார். சாரதாமணி அக்கா எனக்குப் பதிலாகப் பேசினார். அதற்குள் கதவு மறுபடி திறந்தது. ஒரு நர்ஸ் பச்சைத் துணியில் எதையோ அணைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி வேகமாக நடந்தார். பின்னாலேயே இன்னொருவர் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடினார். துணிக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. நீலமாக இருந்தது. அழுகைச் சத்தம் இல்லை.

"பையன்" என்று மட்டும் போகிறபோக்கில் சொன்னார்கள்.

யாரும் சத்தம் போடக்கூடாது என்று அக்கா எவ்வளவோ சொல்லி வைத்திருந்தாள். அந்த நடைவழியில் அப்போது அவ்வளவு அமைதி. அந்த அமைதியைக் கேட்கவே முடியவில்லை.

அரை மணி கழித்து ஒரு டாக்டர் வந்து சொன்னார். தாய் நன்றாக இருக்கிறாள். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, தண்ணீரும் வற்றியிருந்தது. பிள்ளைக்கு மூச்சு மெஷினில்தான் ஓடுகிறது. மூன்று நாள் தாண்டட்டும். "இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமே" என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது வந்தீங்க" என்று முடித்தார்.

மச்சான் சுவரில் சாய்ந்தார்.

"எல்லாம் அந்தப் போனுல வந்த வகுப்புங்க" என்றார் சாரதாமணி அக்கா. "மூச்சு விடு, பயப்படாதே, அலையடிக்குதுன்னு சொல்லிச் சொல்லி, புள்ளைக்கு அசைவு நின்னது தெரிஞ்சும் கம்முனு படுத்துட்டு இருந்திருக்குது பாருங்க. பயம் வேணுமுங்க சாமி. பயம் இல்லாமப் பொட்டப்புள்ள பொழைக்க முடியுமா?"

மச்சான் அக்காவின் போனை எடுத்தார். ஆலிமாவின் எண்ணைத் தேடி அழுத்தினார். "நான் முனவரோட வீட்டுக்காரர் பேசறேன்" என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தையிலேயே கத்தினார். "அமைதி, அமைதின்னு சொல்லி எம்புள்ளையைக் கொல்லப் பாத்தீங்களே! நாலு நாளா அசையாமக் கெடந்திருக்குது! உங்களை நம்பித்தானே..."

நடைவழியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். காவலாளி எழுந்து வந்தார்.

விட்டிருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். எங்கள் லைன் வீடுகள் முழுக்க அந்த ஆலிமாவைத்தான் பேசியிருப்பார்கள். அக்காவே நம்பியிருப்பாள். அவரே கட்டச் சொன்ன கயிற்றை அவிழ்த்துவிட்டவள் நான் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

"மச்சான், அவங்க இல்ல. நான்."

அவருக்குக் கேட்கவில்லை. போனைப் பிடித்த கையை இழுத்தேன். மச்சானை நான் தொட்டதே இல்லை. அவர் அதிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்தத் தாளு பொய்யி மச்சான். அக்கா தூங்கிருச்சுன்னு நானா எழுதுனேன். பத்தொம்பது நாளு எண்ணாமலே பத்துன்னு எழுதுனேன். அதைப் பாத்துத்தான் அக்கா சும்மா இருந்திருக்குது."

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. போனிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. "ஹலோ... தம்பி... பிள்ளை எப்படி இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

சாரதாமணி அக்காதான் முதலில் பேசினார். "எண்ணாம எப்படிக் கண்ணு எழுதுனே?"

"சார்ட்டு எழுதற மாதிரி எழுதிட்டேனுங்கக்கா."

அவரும் ஒரு காலத்தில் செக்கிங்கில் இருந்தவர். சட்டென்று புரிந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அட பாவி. பனியனாட்டமா எழுதுனே?"

மச்சான் போனில், "மன்னிச்சுக்கங்க. அப்புறம் பேசறேன்" என்றார். அணைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "முனவருகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

மறுநாள் காலை மச்சானுக்கு மேல்அங்கியும் முகமூடியும் கொடுத்து உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் குனிந்து பிள்ளையின் வலது காதருகில் பாங்கு சொன்னார். முகமூடி வாயை மறைத்திருந்ததால் வெளியே நின்ற எனக்கு அவர் நெற்றி நரம்பு மட்டும்தான் தெரிந்தது. அஃப்னான் என்று பெயர் சொன்னதாக வந்து சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். தையல் போட்ட வயிற்றோடு மல்லாந்து படுத்திருந்தாள். முழுதாகச் சொன்னேன். நாலு கோடு போட்ட நாளிலிருந்து, நர்சம்மா தாளைத் தூக்கிக் காட்டியது வரை. அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்றே தெரியவில்லை. "அக்கா" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க நான் பிழிந்து கொடுத்த துணியை வாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளைக்கு மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான், சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துப் பார்க்கலாம், பீய்ச்சிக் கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து, பிள்ளைகள் வார்டுக்கு வெளியே தள்ளி வந்தேன். திரைக்குப் பின்னால் நாங்கள் இருவர் மட்டும். வேறு யாரும் இல்லாததால்தான் என்னிடம் பேசினாள்.

"நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சு. அதை எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. இப்ப அதைப் பேசாதே. அந்தப் பாலாடையைப் பிடி."

பிடித்தேன். அக்கா ஒரு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுகையால் பீய்ச்சினாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மஞ்சளாக, தேன்போலக் கெட்டியாக நாலு சொட்டு விழுந்தது.

நர்ஸ் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி இடுப்புக்கு மேல்தான் ஆரம்பித்தது. நாற்காலியில் இருந்த அக்காவுக்கு எட்டவில்லை. எழுந்து நிற்கவும் முடியாது. நான்தான் நின்றிருந்தேன்.

"குடிக்கிறானா?" என்றாள்.

"இன்னும் குடுக்கலக்கா."

"பாத்துச் சொல்லு."

பார்த்தேன். இமைக்காமல் பார்த்தேன். நர்ஸ் பாலாடையின் மூக்கை அவன் உதட்டில் வைத்தார். "மொதச் சொட்டு வெளிய வழிஞ்சிருச்சுக்கா. தொடைக்கிறாங்க. மறுபடி வெக்கிறாங்க. உதடு அசையுது. தொண்டை... முழுங்கிட்டான். ஒண்ணு முழுங்கிட்டான்."

அக்காவின் கண் என்மேல் இல்லை, கதவின்மேல் இருந்தது. நர்ஸ் காலிப் பாலாடையோடு வெளியே வந்ததும், சக்கரத்தைத் தானே தள்ளி முன்னால் நகர்ந்தாள்.

"சிஸ்டர், குடிச்சானுங்களா?"

"ஒரு சொட்டு வழிஞ்சிருச்சுங்க. மூணு சொட்டு குடிச்சான். இன்னும் கேக்கறான்" என்றார் நர்ஸ்.

அதைக் கேட்ட பிறகுதான் அக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.